பரவாத நீர்

7

மூச்சை முழுதாக இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்தும். அரை மூச்சு என்றால் குத்தாது. ஆகவே குழாய்க்காரன் இருபத்துமூன்று நாளாக அரை மூச்சில்தான் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

விடிந்தும் விடியாத வேளையில் இடப்பக்கமாகப் புரண்டான். இடுப்புக்குக் கீழே என்னவோ உறுத்தியது. கையை விட்டு எடுத்துப் பார்த்தான். முக்கால் இஞ்ச் எல்போ. சாமான் அறையில் படுத்தால் இப்படித்தான். குழாய்த் துண்டுகளோடு இன்னொரு துண்டாகக் கிடக்க வேண்டியதுதான்.

அங்கே படுக்கச் சொல்லி அவனை யாரும் விரட்டவில்லை. அவனேதான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டரம்மா, "நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு" என்றாள். அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. தொழில் புத்தி முந்திக்கொண்டது. பதினெட்டு வருஷமாகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். தண்ணீர் இருந்த இடத்தில் இருக்காது. மாடி வீட்டுக் குளியலறையில் கசிந்தால் கீழ் வீட்டுப் படுக்கையறைச் சுவர் உப்பும். அதைச் சுரண்டிப் பூசினால் பக்கத்து வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும். இதை அவன் ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறான். நெஞ்சில் கோத்த நீர் மட்டும் சும்மா இருக்குமா என்ன? பக்கத்தில் படுத்தவள் நெஞ்சில் ஏறும். மடியில் உட்கார்ந்தவள் நெஞ்சில் ஏறும்.

அந்தச் சாயங்காலம் மகள் வாசலிலிருந்தே ஓடி வந்து, வழக்கம்போல அவன் மேல் தாவினாள். ஏழு வயது. ஓயாமல் காதோரம் ரீங்காரம் போடுவதால் கொசு என்று கூப்பிட்டான். அதுவே வீட்டில் நிலைத்துவிட்டது. தாவின கொசுவை இரண்டு கையாலும் தள்ளினான். "கிட்ட வராத. என் மூச்சு உம்மேல படக்கூடாது."

சாமான் பெட்டியின் மூலையில் விழுந்து கீழுதடு கிழிந்தது. தூக்க இரண்டடி எடுத்து வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தூக்கவில்லை. வாயில் ரத்தத்தோடு அவள் அழாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அவளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கதவுக்குப் பின்னால் நின்று, "நல்லானதும் அப்பாவே வந்து தூக்கிட்டு வருவேன்" என்று கத்தினான். மறுநாள் அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து விலாவில் துளை போட்டுக் குழாய் சொருகினார்கள். ஆறு நாள் அந்தக் குழாய் வழியே மஞ்சள் நீர் பாட்டிலில் இறங்கியது. வீட்டுக்கு வந்தும் பாய் சாமான் அறையைவிட்டு நகரவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"யோவ், முழிச்சுட்டியா? பத்து மணிக்குப் போகணும்." மனைவி. செருப்புத் தொழிற்சாலையில் அடித்தோலுக்குப் பசை தடவுகிறவள். எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் அந்தப் பசை வாடை போகாது. அந்த வாடைக்கு இப்படி ஏங்குவான் என்று யாராவது ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

"முழிச்சுட்டேன். டம்ளரை வாசல்லயே வச்சிட்டுத் தள்ளிப் போ."

"தள்ளித்தான் நிக்கறேன் மகராசா."

டம்ளரின் கழுத்தில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. குழாய் மரைக்குச் சுற்றுகிற அதே டேப். தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில், தலையணை என்று தன்னுடையது எல்லாவற்றிலும் அவனே சுற்றி வைத்திருந்தான், யாரும் தவறி எடுத்துவிடக்கூடாதென்று.

"எனக்கும் ரெண்டு சுத்து சுத்திவிடு. நானும் உன் சாமான்தானே" என்றாள் வெளியிலிருந்து.

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்புக்கு முழு மூச்சு வேண்டியிருந்தது. குத்தியது.

"இன்னைக்கும் ரிப்போர்ட் வரலைன்னா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அவ பேசறதே குறைஞ்சு போச்சுய்யா. நேத்து போன்ல நான் கேட்டதுக்கெல்லாம் உம் உம்னா. கொசு உம் கொட்டி நீ கேட்டிருக்கியா?"

அவன் டீயைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

*

ஆஸ்பத்திரியில் மனைவியை மருந்து வரிசையில் நிற்க வைத்துவிட்டு அவன் மட்டும் உள்ளே போனான். கூடவே போனால் எதிர் நாற்காலியில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் அவள் உட்கார வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான்.

விலாவை அமுக்கிப் பார்த்த நர்ஸ், "தையல் காஞ்சிருக்கு" என்றாள். ஐம்பது வயசுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "ஊருக்கெல்லாம் குழாய் போடறவருக்கு நாங்க குழாய் போட்டோம்னு இந்த வார்டே சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

டாக்டரம்மா புதுப் படத்தை விளக்கில் மாட்டினாள். அன்றைக்கு வலது பக்கம் பாதி வரைக்கும் வெள்ளையாக இருந்தது. இன்றைக்கு அடியில் ஒரு கீற்றுதான்.

"நல்லா வடிஞ்சிருக்கு. மிச்சம் இருக்கறதை உடம்பே உறிஞ்சிக்கும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். நடுவுல ஜுரமோ மூச்சுத் திணறலோ வந்தா அன்னைக்கே வந்துடுங்க, காத்திருக்காதீங்க. வேற ஏதாவது கேக்கணுமா?"

கேட்க வேண்டியதை அவன் இருபத்துமூன்று நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தான்.

"அது பரவுமா டாக்டர்?"

"எது?"

"அந்தத் தண்ணி."

அவள் பேனாவை மூடி வைத்தாள். மேசையிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் உறைகளை எடுத்து, ஒன்றின் மேல் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, மற்றதை அதன் மேல் ஒட்டினாள். விரலால் தள்ளிக் காட்டினாள். உறை வழுக்கிக்கொண்டு போனது.

"நுரையீரல் மேல இப்படி ஒரு உறை. விலாவுக்கு உள்பக்கம் இன்னொன்னு. ரெண்டும் உரசக்கூடாதுன்னு நடுவுல கொஞ்சம் நீர் இருக்கும். எனக்கும் இருக்கு, இந்த நர்சம்மாவுக்கும் இருக்கு. உங்களுக்கு அது லிட்டர் கணக்குல சேர்ந்துபோச்சு. அவ்வளவுதான். அது நாலு பக்கமும் மூடின இடம். மூச்சு போற பாதை வேற. நீங்க இருமினாலும் தும்மினாலும் அந்த நீர் வெளிய வராது."

அவன் அந்த இரண்டு உறைகளையே பார்த்தான். எடுத்துத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தான். ஓரத்தைத் தடவினான், கசிகிறதா என்று.

"அப்ப சுவத்துக்குச் சுவரு ஏறாது."

"நீங்க சுவரா?" என்றாள் நர்ஸ்.

"நீர் பரவாது" என்றாள் டாக்டரம்மா. "அது எதனால சேர்ந்துச்சுன்னுதான் பார்க்கணும். இதயம் பலவீனமா இருந்தாலும் சேரும். அது யாருக்கும் ஒட்டாது. காசநோயா இருந்து, சளியிலயும் கிருமி இருந்தா, அந்தக் கிருமி காத்துல போகும். அதுக்காகத்தான் உங்க சளியை எடுத்தோம், நெஞ்சு நீரையும் அனுப்பினோம். எதுலயும் காசம் இல்லை. உங்களுக்கு வந்தது நிமோனியா. பத்து நாள் ஜுரத்தோட தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவிட்டு இருந்தீங்க இல்ல, அது முத்தி நீராச்சு. அதுக்கும் மருந்து முடிஞ்சாச்சு. யாரும் உங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை."

அவன் முழு மூச்சு இழுத்தான். குத்தியது. குத்தட்டும் என்று இழுத்தான்.

"என் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிக்கலாமா?"

நர்ஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னும் கூட்டிக்கலையா? போன் பண்ணிச் சொன்னேனே. ரிப்போர்ட் வந்த நிமிஷமே சொல்லணும்னு வார்டுல இருக்கறப்ப என்னைப் பிச்சுத் தின்னீங்களே, அதுக்காகவே நானே பண்ணினேன்." நோட்டின் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "எட்டு நாளாச்சு. காலையில பதினொன்னேகாலுக்கு. ஒரு பொம்பள எடுத்தாங்க. காசம் இல்லை, குழந்தையைத் தாராளமா கூட்டிக்கலாம்னேன். 'சரிங்க, சொல்லிடறேன்'னாங்க."

"எந்த நம்பர்?"

நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

அவனுடைய போன் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. தொழிற்சாலைக்குள் மனைவி போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது அக்காவின் நம்பர்.

"ஒரு மாசத்துக்கு எடை தூக்காதீங்க" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கெட் தண்ணிகூட வேண்டாம். துளை போட்ட இடம் உள்ளுக்குள்ள இன்னும் ஆறணும்."

தலையாட்டினான். எட்டு நாள் என்பதுதான் காதில் நின்றது.

*

வரிசையில் நாலாவது ஆளாக நின்ற மனைவி அவன் முகத்தைப் பார்த்ததும் மருந்துச் சீட்டைச் சுருட்டிப் பிடித்தாள்.

"என்னய்யா?"

"பரவாதாம்."

"எது பரவாதாம்?"

"எதுவும் பரவாதாம். காசம் இல்லை. ஒரு மாசம் எடை தூக்கக்கூடாதாம், அவ்வளவுதான். இது பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஏறவே ஏறாதாம்."

அவள் சீட்டை இடுப்பில் செருகினாள். அவன் தோளில் தொங்கிய பையிலிருந்து வெள்ளை டேப் சுற்றிய பாட்டிலை உருவினாள். மூடியைத் திறந்து, வாய் வைத்து, ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள். மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள்.

"இப்ப நீ குடி."

குடித்தான். அவள் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பிச் சுற்றுச் சுற்றாக உரித்தாள். வரிசையில் பின்னால் நின்றவர், "முன்னாடி நகருங்கம்மா" என்றார்.

"நகர்றேன் அண்ணே. இருபத்துமூணு நாளா நகர்ந்துதான் இருக்கேன்."

பஸ்ஸில் அவனுடைய இடப்பக்கம் உட்கார்ந்து தோளில் தலையைச் சாய்த்தாள். பசை வாடை வந்தது. "ராவெல்லாம் கதவுல காதை வச்சுக்கிட்டு உன் மூச்சை எண்ணுவேன், தெரியுமா? நின்னுபோச்சோ நின்னுபோச்சோன்னு" என்றாள். பிறகு, "அண்ணிக்கு ஏதாவது வாங்கிட்டுப் போகலாம்யா. கொசுவை ஒரு குறை வைக்காம பார்த்துக்கிட்டாங்க" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயசு, அக்காவுக்குப் பதினாலு. கட்டட வேலையில் மணல் சுமந்து அவனுக்குச் சோறு போட்டவள். தலையில் அந்தச் சும்மாடு உட்கார்ந்த இடத்தில் இன்றைக்கும் முடி மெலிந்துதான் இருக்கும். அவன் தலையெடுத்த பிறகுதான் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லாரிக்காரர், மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம். குழந்தை இல்லை. அவளுக்கு அவன்மேல் கோபம் வந்து பார்த்ததில்லை. அவனுக்கும் அவள்மேல் வந்ததில்லை. இன்றைக்கு வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவுவதுபோல.

*

டயர் கடைக்கு மேலே அக்காவின் ஒற்றை அறை. படியேறி முடிப்பதற்குள் மூன்று முறை நின்றான்.

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. அக்காவுடையதும் கொசுவுடையதும், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. கதவுச் சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. உயரம் அளந்த கோடு. அறை மூலையில் பழைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில் புதிதாக வந்திருந்தது. சின்னக் கட்டிலை யாரும் நாலு நாளைக்கென்று வாங்கமாட்டார்கள்.

கொசு தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை, பள்ளி இல்லை. அவனைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடி வரவில்லை. சுவரோடு முதுகை ஒட்டி நின்று, கன்னம் இரண்டும் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. எண்ணுகிறாள்.

"ஐயோ, என்னடி பண்றே?" என்று அவள் அம்மா முன்னால் போனாள்.

கொசு முகம் சிவந்து, இருபது வரைக்கும் எண்ணி, ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சை விட்டாள். "அப்பா மூச்சும் என் மூச்சும் பட்டுக்கக் கூடாது. அப்பாதான் சொன்னாரு. தினமும் பழகறேன். முதல்ல பத்துதான் வந்துச்சு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுவிட்டாள்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். காலையில் கேன்டீனில் இருநூறு பேருக்குச் சமைத்துவிட்டு வந்த கை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"டாக்டர் என்னடா சொன்னாங்க?"

"பரவாதாம்."

"அப்படியா."

எப்போது தெரிந்தது என்று கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது என்றும் கேட்கவில்லை.

"உன் போன் ஒழுங்கா வேலை செய்யுதா அக்கா?" தாழ்ந்த குரலில்தான் கேட்டான்.

குழாயை மூடினாள். அவன் போட்டுக் கொடுத்த குழாய். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது.

"செய்யுது" என்றாள். கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ராத்திரி தூக்கத்துல என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறாடா. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பார்த்தேன்" என்றாள்.

என்ன சொன்னாலும் அது ஐந்து வயசுப் பையன் பதினாலு வயசுக்காரியைத் திட்டுவதாக இருக்கும்.

திரும்பி மகளிடம் போனான். சுவரைப் பிடித்து மெதுவாக மண்டியிட்டான்.

"கொசு, மூச்சு விடலாம்."

"உன்கிட்டயா?"

"என் மூஞ்சி மேலயே விடு."

யோசித்தாள். குனிந்து, அவன் நெற்றியில் 'ப்பூ' என்று ஒரு ஊது ஊதிவிட்டுப் பின்னால் தள்ளிப் போய் அவனை உற்றுப் பார்த்தாள், ஏதாவது ஆகிறதா என்று. கீழுதட்டில் அரிசி நீளத்துக்கு வெள்ளைத் தழும்பு.

"பரவலையா?"

"இல்லை. நான்தான் தப்பா நினைச்சுட்டேன். அப்பாவுக்குக் குழாயைப் பத்தித்தான் தெரியும், நெஞ்சைப் பத்தித் தெரியலை."

"அப்ப என்னைச் சும்மாதான் தள்ளினியா?"

குழாய்க்காரன் அந்தத் தழும்பைப் பார்த்தான். "ஆமா" என்றான் கடைசியில். "சும்மாதான் தள்ளிட்டேன்."

"சரி, தூக்கு."

"அப்பா தூக்கக்கூடாதுன்னு..." என்று மனைவி தொடங்கினாள்.

"தூக்கிட்டுப் போறேன்னு சொன்னாரு. கதவுக்குப் பின்னாடியிருந்து சொன்னாரு. நான் நடந்து வரமாட்டேன்." சுவரோடு மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

"நான் தூக்கறேன் வாடி."

"நீ ஒண்ணும் தூக்கறேன்னு சொல்லலை."

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருந்துட்டுப் போகட்டும் என்றால் போதும், குழந்தை இருந்துவிடும். அவள் வாய் திறப்பதை அவன் பார்த்தான். பிறகு அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து கொசுவை ஒரே வீச்சில் இடுப்பில் ஏற்றினாள். மணல் சுமந்தவள் தூக்குகிற தூக்கு.

"உங்க அப்பனுக்கு விலா ஆறட்டும். அதுவரைக்கும் அவன் கையும் நான்தான், காலும் நான்தான். கிளம்பு."

டயர் கடைப் படி இறங்கி, தெருவைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் குழந்தையை இறக்கவில்லை. குழாய்க்காரன் பக்கத்தில் நடந்தான். கொசு ஒரு கையை நீட்டி அவன் காதைப் பிடித்துக்கொண்டாள். மனைவி பையைச் சுமந்துகொண்டு முன்னால் போனாள்.

பஸ் வந்தபோது அக்கா குழந்தையை மனைவியின் கையில் கொடுத்தாள். பிடி விட ஒரு நொடி கூடுதலாக ஆனது. மனைவி படியேறிய பிறகு, "எட்டு நாள்டா" என்றாள் அவனிடம். "அவகிட்டச் சொல்லிடாத. என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டா. குழந்தையையும் அனுப்பமாட்டா."

அவன் பஸ் கம்பியைப் பிடித்தான். ஏறிக்கொண்டான்.

"அண்ணி என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை. உடம்பைப் பார்த்துக்கச் சொன்னா."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவளிடம் பொய் சொல்ல அவன் இவ்வளவு சிரமப்பட்டதில்லை. மனைவி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே, நிறுத்தத்தில் வெறும் இடுப்போடு நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்த கொசு அவன் சட்டைக்குள் மூக்கை நுழைத்து மூச்சு இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். இருபத்துமூன்று நாள் மூச்சையும் ஒரே பயணத்தில் தீர்த்துவிடுகிறவள்போல. அவன் விலாவில் குத்தியது. நகரவில்லை.

"இது நீ தூக்கினது ஆகாது" என்றாள் சட்டைக்குள்ளிருந்து. "அத்தைதான் தூக்கினா."

"ஆகாது."

"அன்னைக்கு விழுந்தப்பவும் தூக்கலை."

"தூக்கலை."

"அப்ப எத்தனை பாக்கி?"

விரலை விரித்துக் காட்டினான். அவள் எண்ணிப் பார்த்துச் சரி என்றாள். மகளை இரண்டு முறை தூக்க வேண்டும். இரண்டும் அவன் இன்னும் கொடுக்கவில்லை.